இடது மூலையில் ஒரு வெட்டு

அன்று காலை அந்தச் சில்லின் இடது துளை கிழியாமல் இருந்திருந்தால் லிடியா ஃபுர்த்தாடோவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாமலே போயிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். ஆனால் கிழிந்தது. ஊசியைக் கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டாள், அவ்வளவுதான்.

சில்லு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரல் நீளத்துக்கு, வளைத்தால் வளையும் சிலிகான் துண்டு. கீழே ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி. உள்ளே மயிரிழை அகலத்தில் மூன்று வாய்க்கால்கள். நடு வாய்க்காலில் கடல் பாக்டீரியாவை விட வேண்டும். இடது வாய்க்காலில் செத்துக்கொண்டிருக்கும் பாசி ஊறிய தண்ணீர், வலதில் வெறும் கடல்நீர். இடையிலுள்ள கூழ்ச்சுவர் வழியாக வாசனை மட்டும் நடுவுக்குக் கசிந்து வரும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பாக்டீரியாக்கள் எந்தச் சுவரில் போய் மொய்க்கின்றன என்று தெரிந்துவிடும்.

அவை எப்போதும் இடது சுவரில்தான் மொய்த்தன. பாசி சாகும் முன்பே அதன் வாசனை தெரிந்து வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதுதான் லிடியாவும் ஆல்டன் நிக்கர்சனும் சேர்ந்து கண்டுபிடித்தது. ஆல்டன் அவற்றுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார். சாவு விழுவதற்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துவிடும் சொந்தக்காரர்கள். கருத்தரங்குகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். இப்போது அவரே படுக்கையில் இருந்தார். யாராவது பார்க்க வந்தால், "என்ன, வாசனை வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்தவர்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நுரையீரல் இறுகிப்போகும் நோய். மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றிருந்தது, அச்சாக வேண்டியதுதான் பாக்கி. அது அச்சில் வருவதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மீன் கடைக்காரர்கூட, "உங்க கட்டுரை எப்ப வருது?" என்று லிடியாவிடம் விசாரித்தார்.

இடது துளை கிழிந்ததால் லிடியா அன்று ஒரு சின்ன வேலை செய்தாள். பாசித் தண்ணீரை வலது வாய்க்காலில் விட்டாள். வெறும் கடல்நீரைக் கிழிந்த துளையில் எப்படியோ ஒட்டுப் போட்டு இடதில் விட்டாள். ஒரு சில்லை வீணாக்குவானேன் என்ற சிக்கனம்தான். வேறு யோசனை ஒன்றுமில்லை. காப்பி எடுத்துக்கொண்டு வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

பாக்டீரியாக்கள் இடது சுவரில் மொய்த்துக்கொண்டிருந்தன. வலது பக்கம் பாசி செத்துக்கொண்டிருந்தது, அதைச் சீந்த நாதியில்லை.

ஒட்டு கசிந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். புதுச் சில்லு எடுத்தாள், மறுபடி மாற்றிப் போட்டாள். இடதுதான். இரண்டு பக்கமும் வெறும் கடல்நீர் விட்டாள். அப்போதும் இடதுதான். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் தீவுக்குப் போகும் படகு ஊதியது.

அந்தச் சில்லை வார்க்கும் அச்சை வெட்டியவர் ஆல்டன். இடது கைக்காரர். கைக்கு வாகாக இருக்கட்டும் என்று இடது வாய்க்காலைத் துண்டின் ஓரத்தை ஒட்டியே வைத்துவிட்டார். வலது பக்கம் வேண்டிய மட்டும் சிலிகான் விட்டிருந்தார். சிலிகான் வழியாகக் காற்று புகும். இது அந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியாதா என்ன? மேலும் கீழும்தான் கண்ணாடி இருக்கிறதே என்று இருந்துவிட்டார்கள். ஓரத்தை நினைக்கவில்லை. நடுவில் நெருக்கியடிக்கும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிட்டு, காற்று வரும் பக்கம் ஓடியிருக்கின்றன. பாசித் தண்ணீரையும் ஆல்டன் முதல் நாளிலிருந்து இடதில்தான் விட்டார். அவர் விட்டதால் லிடியாவும் அங்கேயே விட்டாள். அவள் வலது கைக்காரி. ஒரு தடவைகூட மாற்றிப் போடத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம் என்று பையில் கிடந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். சில்லின் இடது ஓரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, சுற்றிலும் பூசி அடைத்தாள். காய்ந்ததும் பார்த்தாள். பாக்டீரியாக்கள் எந்தப் பக்கமும் போகவில்லை. நடுவிலேயே திசை கெட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை வருட உழைப்பு ஒரு பாட்டில் நகப்பூச்சில் முடிந்துபோனது.

மறுநாள் காலை ஆல்டனிடம் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அதில் அவளுக்கு இரண்டு மனமில்லை. வழியில், அவருக்குப் பிடிக்குமே என்று தன் ஊர்க்காரர்களின் போர்ச்சுகீசிய ரொட்டிக்கடையில் இனிப்பு ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். இடி போன்ற செய்தியோடு ரொட்டியும் கொண்டுபோகிறோமே என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கதவைத் திறந்த வின்னி, ஆல்டனின் மனைவி, லிடியாவின் முகத்தைப் பார்த்ததுமே சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள். அவளிடம் முகத்தை மறைக்க முடியாது.

"என்ன ஆச்சு? சொல்லு. அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லு."

லிடியா சொன்னாள். சில்லு, ஓரம், காற்று எல்லாம் வின்னிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அப்ப அது எல்லாமே தப்பா?"

"எல்லாமே."

"அச்சுல வராதா?"

"வரக் கூடாது வின்னி."

வின்னி ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கத்தியை எடுத்தாள், அறுக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு நெனக்கிற? ராத்திரியில மூச்சு முட்டி எழுந்தா அந்தக் கட்டுரையப் பத்திதான் பேசுறாரு. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் கெடக்காரு. அதப் போய் அவர் கையிலேர்ந்து புடுங்குவியா?"

"அவருக்குத் தெரியணும். அவரா இருந்தா..."

"அவரா இருந்தா உடனே சொல்லிடுவாருன்னு எனக்குத் தெரியும்மா. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. நீயாவது மனுஷியா இரு. நிம்மதியாப் போகட்டும். போனப்புறம் நீ வாபஸ் வாங்கு, கிழிச்சிப் போடு, என்ன வேணா செய். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

லிடியா தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால், அவள் மனசின் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

ஆல்டன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ் புஸ் என்று இரைந்துகொண்டிருந்தது. ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"வா தாயே. என்ன, வாசனை வந்துடுச்சா?"

"வந்தது ரொட்டி வாசனை. உங்ககிட்டேர்ந்து இல்ல."

"பொய் சொல்லாதே. நானே நாறுறேன், எனக்கே தெரியுது." சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. "லிடியா, இந்தக் குழாய் மூக்குல ஏறினதுலேர்ந்து எனக்கு ஒரே யோசனை."

"யோசனை பண்ணாம தூங்குங்களேன்."

"கேளு. நாம எப்பவும் பாசித் தண்ணிய இடது பக்கம்தானே விடுறோம்? ஒரு தடவை மாத்தி விட்டுப் பாரேன். வலது பக்கம். சும்மா எம் மனசுக்கு. பாத்து வீடியோ எடுத்துட்டு வந்து காட்டு."

வாசலில் வின்னி நின்றிருந்தாள். கையில் அறுத்த ரொட்டி. அவள் லிடியாவைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"சரி, போட்டுப் பாக்குறேன்," என்றாள் லிடியா.

வீடியோ தயார் செய்வதற்கு அவள் சில்லைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மாற்றிப் போட்டு எடுத்த படம் ஏற்கெனவே இருந்தது. அதில் பாக்டீரியாக்கள் இடது பக்கம் ஓடின. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பக்கம் திருப்பிவிட்டால் வலது பக்கம் ஓடும். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. மாணவர்கள் யாராவது அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் லிடியா காதைத் திருகியிருப்பாள். இப்போது அவளே அமுக்கினாள். 'பாசி வலது' என்று கீழே எழுதினாள்.

அடுத்த முறை போனபோது மடிக்கணினியை ஆல்டனின் மடியில் வைத்துப் படத்தை ஓட்டினாள். புள்ளி புள்ளியாகப் பாக்டீரியாக்கள் கிளம்பி வலது சுவரில் போய் அப்பின. ஆல்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். அவர் திரையின் மேல் விளிம்பில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் இரைந்தது.

"நல்லா ஓடுதுங்க," என்றாள் லிடியா. குரல் தனக்கே பிசிறாகக் கேட்டது.

"ஆமா. நல்லா ஓடுது." கண்ணாடியைக் கழற்றி மார்பின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே. வேற என்ன?"

"சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான். லிடியா காரில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் நம்பிவிட்டார் என்ற சந்தோஷமும், நம்பவைத்துவிட்டோம் என்ற வெட்கமும் சேர்ந்தே வந்தன. அழுது முடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாரம் தவறாமல் போனாள். அவரும் வாரம் தவறாமல் வீடியோ கேட்டார். வலது பக்கம் இன்னொன்று எடுத்தாயா, பாக்டீரியாவைக் குறைத்துப் போட்டாயா, வேறு பாசி போட்டாயா? அவளும் பழைய படங்களைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோனாள். ஒரு பொய்யைக் காப்பாற்றப் பத்துப் பொய் என்பார்களே, அது அவளுக்கு வெறும் பேச்சாக இல்லை, வாராவாரம் செய்யும் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பார்த்து முடித்ததும் அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது உண்டா?"

ஊர் வம்பு கேட்கிறார் என்று நினைத்து அவள் ஏதாவது சொல்வாள். ஆய்வுக்கூட இயக்குநர் புது நாய் வாங்கியிருக்கிறார், கடல்நீர்க் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது, படகுத்துறையில் சீல் விலங்கு ஒன்று வந்து படுத்திருந்தது. அவர் கேட்டுக்கொள்வார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். களைப்பு என்று லிடியா நினைத்தாள்.

அச்சுப்படி இன்னும் வரவில்லை, இதழ்க்காரர்கள் தாமதிக்கிறார்கள் என்று லிடியா நினைத்திருந்தாள். ஏன் வரவில்லை என்று ஆல்டன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதுவே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நல்லவேளை கேட்கவில்லை, இன்னொரு பொய் மிச்சம் என்று இருந்துவிட்டாள்.

வசந்தம் வந்து, ஓடைகளில் ஹெர்ரிங் மீன் முட்டையிட ஏறத் தொடங்கிய வாரத்தில், ஒரு மதிய நேரத்தில் ஆல்டன் போய்விட்டார். வின்னி பக்கத்தில் இருந்தாள். லிடியா அப்போது ஆய்வுக்கூடத்தில் புது அச்சு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால்கள் ஓரத்திலிருந்து விலகி, துண்டின் நட்டநடுவில் இருக்கும் அச்சு. அதை அவரிடம் காட்ட முடியாதே என்ற ஏக்கம் வரைய வரைய அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கூடினார்கள். பெரிய பாத்திரத்தில் சிப்பிக் கறிச் சாறு, தட்டுத்தட்டாக முட்டை சாண்ட்விச். அந்தக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் ஆல்டன் என்ன சொல்லியிருப்பார் என்று லிடியாவுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கண் நிறைந்தது. வின்னி வந்து அவள் கையைப் பிடித்து, கோட்டு மாட்டும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"வின்னி, நான் நாளைக்கு இதழுக்குப் பேசப்போறேன். கட்டுரைய வாபஸ் வாங்கணும். நாம பேசிக்கிட்டபடி."

"வேண்டாம்."

"வின்னி, ப்ளீஸ். இனிமேயும்..."

"வாபஸ் வாங்கியாச்சும்மா. அவரே வாங்கிட்டாரு."

வின்னி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கறுப்புக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"நீ மொத வீடியோ கொண்டாந்து காட்டின பாரு, அன்னிக்கு. உன் கார் போனதும் டெலிபோன எடுத்துக் குடுன்னாரு. இதழ்க்காரங்ககிட்ட அவரே பேசினாரு. மூச்சு வாங்க வாங்க. அச்சு வெட்டினது நான், தப்பு என் தப்பு, லிடியா பேருல எதுவும் வரக் கூடாதுன்னாரு. நான் இருக்குற வரைக்கும் அவளுக்குத் தெரிவிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

"எப்படி... அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

"நானா? நான் வாயத் தெறக்கல. டெலிபோன வச்சதும் எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. 'வெட்டு வலது பக்கம் இருக்கு வின்னி'ன்னாரு. என்ன வெட்டு, எங்க வெட்டுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?"

புரிந்தது. லிடியாவும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆல்டன் வெட்டிய ஒவ்வொரு அச்சிலும் இடது மேல் மூலையில், படத்தில் விழும்படி, குட்டி முக்கோணமாக ஒரு வெட்டு இருக்கும். மைக்ரோஸ்கோப் படத்தைத் திருப்பும், கம்ப்யூட்டரும் திருப்பும், பார்க்கிறவனுக்கு இடது எது வலது எது என்று தெரியாமல் போகும். அதற்காகத்தான் அந்த வெட்டு. வெட்டு இருக்கும் பக்கம்தான் இடது, வேறு எவன் சொன்னாலும் நம்பாதே என்பார். புது மாணவன் ஒருவன் ஒருமுறை திருப்பிப்போன படத்தை மாட்டிவைத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோது விழுந்து விழுந்து சிரித்தவள் லிடியாதான். அந்த வெட்டை எத்தனையோ வருடம் தினமும் பார்த்ததால், அவள் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தது. திருப்பிய படத்தில் வெட்டு வலது பக்கம் போய்விட்டிருந்தது, அந்தப் பக்கம்தான் பாக்டீரியாக்களும் மொய்த்தன, அதாவது எப்போதும்போல இடதில்.

"அப்ப அவருக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்," என்றாள். "நான் பொய் சொன்னதும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வீடியோ கேட்டாரு? என்னைக் குத்திக் காட்டவா?"

"சீ, அவரா?" வின்னி தலையை ஆட்டினாள். "நீ சொல்றதுக்கு ஒரு வழி விட்டுப் பாத்தாரு. உன் கார் சத்தம் கேட்டாப் போதும், தலையணைய ஒசத்து வின்னி, இன்னிக்குச் சொல்லிடுவான்னு நிமிந்து உக்காருவாரு. நீ போனதும், பாவம், அவளுக்கு வாய் வரலன்னு படுத்துக்குவாரு. நானே சொல்லிடட்டுமான்னு கேட்டேன். கூடாது, எனக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கிட்டிருக்கா, அதக் கெடுக்காதேன்னுட்டாரு. உன்னப் பேசாதேன்னு சொன்னது நான். என்னைப் பேசாதேன்னு சொன்னது அவரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ரொட்டி அறுத்துக்கிட்டு நின்னேன்."

மேலே யாரோ பியானோ வாசிப்பதை நிறுத்தினார்கள். கூடத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப வருத்தப்பட்டாரா, தப்பாப் போச்சேன்னு?"

"மொத நாள் அழுதாரு. அப்புறம் இல்ல. அப்புறம் அவருக்கு அதப் பத்திப் பேசணும்னுதான் இருந்துச்சு. காத்து எப்படிப் போயிருக்கும், அச்ச எப்படி மாத்தி வெட்டணும்னு. வாய்க்கால நடுவுல தள்ளணுமாம். எங்கிட்ட சொல்லிப் பாத்தாரு. நான் என்னத்தக் கண்டேன், ஆமா ஆமான்னு தலையாட்டினேன். பாதியிலேயே நிறுத்திட்டாரு. 'இது லிடியாகூட உக்காந்து பேச வேண்டியது'ன்னாரு."

புது அச்சின் படம் லிடியாவின் கைப்பையில்தான் மடித்துக் கிடந்தது. வாய்க்கால்கள் நட்டநடுவில், இடது மேல் மூலையில் பழக்கம் விடாமல் போட்ட குட்டி வெட்டு. ஆய்வுக்கூடப் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து, தப்பு எங்கே நடந்தது என்று நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே கண்டுபிடிப்பதுதான் அவர்கள் இருவருக்கும் உலகத்திலேயே பிடித்த வேலை. அவருடைய கடைசி நாட்களில் அப்படி ஒரு தப்பு கையில் கிடைத்திருந்தது. அதை அவரோடு பேசக்கூடிய ஒரே ஆள் வாராவாரம் வந்து, நாய் வாங்கிய கதையும் சீல் படுத்த கதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"சாறு ஆறிடும், வா," என்றாள் வின்னி.

"நீங்க போங்க," என்றாள் லிடியா. "நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரேன்."